ஆறு பலூன் உள்ள வண்டி

போன மாதம் திருத்தணி மலைக்குப் போயிருந்தேன். வண்டிப் பூஜைக்கு நின்ற வரிசையில் சிவப்பாக ஒரு ஸ்போர்ட்ஸ் செடான். செகண்ட் ஹாண்ட். சக்கரத்தடியில் எலுமிச்சை, முகப்பில் மாலை. வாங்கிய பையன் என் கையில் போனைத் திணித்தான்.

“ஆன்ட்டி, டிக்கி மேல இருக்கற எழுத்து தெரியற மாதிரி ஒண்ணு எடுங்க. டாப் எண்டு ஆன்ட்டி இது.”

எடுத்தேன். எழுத்து அழகாக விழுந்தது. பின்சக்கரத்து அலாய் வீலின் இடுக்கில் டிரம் பிரேக்கும் அழகாக விழுந்தது. அந்தக் காரின் டாப் மாடலுக்கு நான்கு சக்கரத்திலும் டிஸ்க் பிரேக்தான். அவன் வாங்கியது நடு மாடல். டாப் மாடல் என்று சொல்லும் எழுத்தை எவனோ பசை போட்டு ஒட்டியிருக்கிறான். குனிந்து ஒரு தடவை சக்கரத்தைப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். குனிய மாட்டார்கள். செல்ஃபி எடுக்க எவ்வளவு வேண்டுமானாலும் வளைவார்கள்.

போனைத் திருப்பிக் கொடுத்தேன். பூஜைக்கு வந்துவிட்ட வண்டியைப் பற்றிப் பேசிப் பயனில்லை.

அன்று மாலை நந்தினி போன் செய்தாள். பழைய கார் வாங்கி விற்கும் யார்டில் நான் ஓய்வு பெற்றபின் என் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவள். “மேடம், இப்பல்லாம் நம்பரப் போட்டா ஆப்லயே வேரியன்ட் வந்துடுது. ஆனாலும் மூணு தபா மாட்டிகினேன். நீங்க எப்படிப் பாப்பீங்கன்னு எழுதிக் குடுங்களேன்” என்றாள். அந்த ஆப்பை நானும் பார்த்திருக்கிறேன். கம்பெனி பனியன் போட்ட ஒருவன் வண்டியைச் சுற்றி வந்து வரிசையாக டிக் அடிப்பான். பாதி டிக்கை டீ குடித்துக்கொண்டே அடிப்பான். நம்பரைப் போட்டால், கம்பெனியிலிருந்து வெளியே வந்த அன்று அது என்ன வண்டி என்று வரும். அதற்குப் பிறகு அதிலிருந்து எதைக் கழற்றினார்கள், எதை மாட்டினார்கள் என்று எந்த ஆப்புக்கும் தெரியாது.

அதனால் எழுதுகிறேன்.

பி.காம். முடித்துவிட்டு அம்பத்தூரில் ஒரு கார் டீலரிடம் ஸ்பேர் பார்ட்ஸ் கவுண்டரில் சேர்ந்தேன். திருத்தணியிலிருந்து தினமும் லோக்கல் ரயில். பதினோரு வருஷம். வருகிறவர்கள் என்னைப் பார்த்ததும் “சார் யாரும் இல்லையா?” என்று கேட்பார்கள். எனக்குப் பின்னால் இருந்த அலமாரியில்தான் அந்த சாரைத் தேடுவார்கள். நான் பார்ட் நம்பரை மனப்பாடமாகச் சொன்ன பிறகும் சில பேர் சாருக்காகக் காத்திருந்தார்கள். காத்திருக்கட்டும் என்று விட்டுவிடுவேன். அந்தக் கவுண்டரில் எனக்குப் புரிந்தது ஒன்றே ஒன்று. வெளியே பார்க்க ஒரே மாதிரி இருக்கும் மூன்று கார்களுக்குள் மூன்று வேறு வேறு சாமான்கள் இருக்கின்றன, ஒவ்வொன்றுக்கும் தனி நம்பர் இருக்கிறது. வண்டி பொய் சொல்லும். நம்பர் சொல்லாது.

பிறகு அதே முதலாளி கனகம்மாசத்திரம் பக்கம் ஹைவே ஓரத்தில் பழைய கார் யார்டு திறந்தார். நான் உள்ளூர் என்பதால் வண்டியை மதிப்பிடும் வேலைக்கு என்னை அங்கே போட்டார்கள். மேனேஜர் சம்பந்தம் சார்.

குள்ளமான மனிதர். சட்டைப் பையில் ஒரு பென்சில் டார்ச்சும் ஒரு பழைய பல் தேய்க்கும் பிரஷ்ஷும் இருக்கும். பிரஷ் எதற்கென்றால், கதவு இடுக்கில் இருக்கும் ஸ்டிக்கர்களின் அழுக்கைத் தேய்க்க. விற்க வந்தவன் பேசும்போது வண்டிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பார். அவன் சன்ரூஃபைப் பற்றி, சிவப்புத் தையல் போட்ட சீட்டைப் பற்றி, ஸ்போர்ட் மோடில் வரும் உறுமலைப் பற்றி மூச்சு விடாமல் பேசுவான். இவர் “ஆங்… ஆங்…” என்பார். அவன் ஓய்ந்த பிறகுதான் திரும்புவார்.

திரும்பினாலும் டிக்கி எழுத்தைப் பார்க்க மாட்டார். முதலில் சீட் பெல்ட்டை முழுக்க வெளியே இழுப்பார். அடியில் அது தயாரான வருஷம் தைத்திருக்கும். அடுத்து டேஷ்போர்டில் வெற்று மூடி போட்ட சுவிட்ச் எத்தனை என்று எண்ணுவார். அந்த மாடலில் இல்லாத வசதிக்கெல்லாம் கம்பெனிக்காரன் அங்கே வெறும் மூடி போட்டு அனுப்பியிருப்பான். முகப்பு விளக்கு விலை உயர்ந்ததாக இருந்தால், வண்டிக்கு அடியில் பின் ஆக்சிலுக்குப் பக்கத்தில் விளக்கின் உயரத்தைத் தானாகச் சரிசெய்யும் சென்சார் இருக்கிறதா என்று தரையில் படுத்துப் பார்ப்பார். விளக்கை மாற்றுகிற திருடன் அவ்வளவு தூரம் போவதில்லை. சீட்டுக்கு அடியில் மஞ்சள் நிற ஒயர் இணைப்பு இருக்கிறதா என்று கை விட்டுப் பார்ப்பார். அது இருந்தால்தான் சீட்டில் ஏர்பேக் உண்டு. கடைசியில் ஸ்டெப்னியைத் தூக்கி, எந்த மாடல் என்று காட்டக் கம்பெனி ஒட்டிய குறியீட்டு ஸ்டிக்கரைப் பிரஷ்ஷால் தேய்த்துப் படிப்பார்.

நான் சேர்ந்த புதிதில் ஒரு ரிப்போர்ட்டில் ‘டாப்’ என்று எழுதினேன்.

“யாரு சொன்னா?” என்றார்.

“டிக்கி பேட்ஜ்ல போட்டிருக்குது சார்.”

“பேட்ஜுக்கு வாய் இருக்குதா?” என்று தாளை என் பக்கம் தள்ளினார்.

அவ்வளவுதான். பாராட்டியதும் இல்லை, உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்ததும் இல்லை. ஒவ்வொரு தாளுக்கும் அதே கேள்வி, யாரு சொன்னா. நான் எழுதிய எதையும் அவர் அப்படியே நம்பியதில்லை. அதில் எனக்குக் கோபமும் உண்டு, மரியாதையும் உண்டு.

வாங்க வருகிறவர்கள்தான் எனக்கு ஆகாதவர்கள். ஸ்போர்ட்ஸ் செடான் வாங்க வருகிறவனைப் போல ஏமாறத் தயாராக வருகிறவனை நான் பார்த்ததில்லை. கதவைச் சாத்திச் சத்தம் கேட்பான். ஆக்சிலேட்டரை மிதித்துச் சத்தம் கேட்பான். இரட்டைப் புகைக்குழாயைத் தடவிப் பார்ப்பான். அதில் ஒன்று வெறும் ஸ்டீல் மூடி என்று விரலுக்குத் தெரிந்தாலும் மனசுக்குத் தெரியாது. ஏர்பேக் எத்தனை என்று கேட்டவர்களை என் வேலைக் காலம் முழுவதிலும் விரல்விட்டு எண்ணிவிடலாம். அதை மட்டும் கேட்க வந்தவர் ஒருவர்தான்.

நான் ஓய்வு பெறுவதற்கு இரண்டு மூன்று வருஷத்துக்கு முன்னால் அவர் வந்தார். முனிரத்தினம் என்று வைத்துக்கொள்ளுங்கள், பெயரை மாற்றியிருக்கிறேன். பள்ளிப்பட்டுக்காரர், சொந்தமாகப் பவர்லூம் தறி ஓட்டுகிறவர். கூடவே அவர் மகள். இன்ஜினியரிங் கல்லூரியில் பாடம் எடுக்கிறாள், தினமும் ஹைவேயில் போய் வர வேண்டும்.

“ஏம்மா, ஆறு பலூன் இருக்கற வண்டி இருக்குதா?” என்றார்.

ஏர்பேக்கைப் பலூன் என்றதும் அங்கே நின்ற சேல்ஸ்மேன் சிரித்துவிட்டான். நான் அவனைப் பார்த்த பார்வையில் உள்ளே போய்விட்டான்.

“பாட்டு, ரூஃபு எதுவும் வேணாம்மா. வேகமும் வேணாம். பலூன் மட்டும் ஆறு இருக்கணும்” என்றார். பிறகு சொன்னார். அவருடைய மகன் மூன்று வருஷத்துக்கு முன்னால் திருப்பதி ரோட்டில் விபத்தில் இறந்துபோனான். “டாப் எண்டு நைனா, ரெண்டு பலூன் இருக்குதுன்னு சொல்லித்தாம்மா அந்த வண்டிய எடுத்தான். ரெண்டும் தொறக்கல. ஆறு இருந்தா, ரெண்டு தொறக்கலன்னாலும் மீதி நாலாவது தொறக்கும்ல?”

மகள் தலை குனிந்துகொண்டாள்.

அன்று யார்டில் ஆறு ஏர்பேக் உள்ளதாக இருந்தது ஒரே ஒரு வண்டி. வெள்ளை ஸ்போர்ட்ஸ் செடான். நான் ஒரு வாரம் லீவில் இருந்தபோது உள்ளே வந்தது. ரிப்போர்ட் சம்பந்தம் சார் கையெழுத்தில் இருந்தது. ‘டாப். ஏர்பேக் ஆறு.’

அவர் பார்த்த வண்டியை நான் மறுபடி பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. ஆனால் அந்த மனிதர் கேட்ட கேள்வி காதிலேயே இருந்தது. மகளை ஓட்டுநர் சீட்டில் உட்காரச் சொல்லிவிட்டு, கையை அடியில் விட்டுப் பார்த்தேன். மஞ்சள் இணைப்பு இல்லை. டார்ச் அடித்துப் பார்த்தேன். இல்லை.

சீட்டின் பக்கவாட்டில் ஏர்பேக் என்று துணிப்பட்டை தைத்திருந்தது. ஆனால் அந்த இடத்துத் தையல் தடிமனாக இருந்தது. அங்கே கம்பெனி போடும் தையல் இலேசானது, பை விரியும்போது பிரிவதற்காகவே போடுவது. இது செருப்புத் தைக்கிற மாதிரி இறுக்கித் தைத்தது. சீட்டின் லேபிளைப் பார்த்தேன். வண்டிக்கு இரண்டு வருஷம் முன்னால் தயாரான சீட். அம்மாவுக்கு முன்னால் பிறந்த பிள்ளை. டிக்கியில் ஸ்டெப்னியைத் தூக்கினேன். குறியீட்டு ஸ்டிக்கர் இருக்க வேண்டிய இடத்தைச் சுரண்டி வைத்திருந்தார்கள்.

முனிரத்தினத்தைச் சற்று உட்காரச் சொல்லிவிட்டு மேனேஜர் அறைக்குப் போனேன். ரிப்போர்ட்டை மேஜைமேல் வைத்தேன்.

“சார், டாப்னு எழுதியிருக்கீங்க. யாரு சொன்னாங்க?”

நிமிர்ந்தார். அவருடைய கேள்வியை அவரிடமே யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

“உங்க பாவாதாம்மா” என்றார். “அவர்தான கொண்டாந்தாரு. உங்க வீட்டு மனுஷன்னு…”

பாவா, அதாவது என் அக்கா புருஷன், திருத்தணியில் கார் புரோக்கர். யார்டுக்கு அவ்வப்போது வண்டி கொண்டுவருவார். இத்தனை வருஷம் என் ஒரு தாளையும் நம்பாத மனிதர், என் முகத்துக்காக ஒரு வண்டியை நம்பிவிட்டார். ஆர்.சி.யைக்கூடப் புரட்டவில்லை, குனியவில்லை, படுக்கவில்லை, பிரஷ்ஷை வெளியே எடுக்கவில்லை. எழுத்தைப் பார்த்து எழுதியிருக்கிறார். டிக்கி எழுத்தோடு செல்ஃபி எடுக்கிறவனுக்கும் இவருக்கும் அன்று என்ன வித்தியாசம்?

“கண்ணாடி ஓரத்துப் பட்டையில ஏர்பேக்னு அச்சுலயே போட்டிருக்குதே” என்றார், குரல் இறங்கி.

“கழட்டிப் பாக்கலாம் சார்.”

“கஸ்டமர் எதிர்லயா?”

“அவரு எதிர்லதான்.”

எழுந்து, மெக்கானிக்கைக் கூப்பிடாமல், ஸ்க்ரூ டிரைவரை அவரே எடுத்துக்கொண்டு வந்தார். கண்ணாடிக்கு மேலே ஓரத்து அலங்காரப் பட்டையின் கிளிப்பை நெம்பினார். பக்கவாட்டு ஏர்பேக் சுருட்டி வைத்திருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது. பட்டை ஆடிச் சத்தம் போடாமலிருக்க, மடித்த தெலுங்குப் பேப்பரைச் செருகியிருந்தார்கள். வேறெங்கோ மோதி, பை விரிந்து நொறுங்கிய டாப் மாடலின் சீட்டையும் பட்டைகளையும் கொண்டுவந்து ஒரு நடு மாடலுக்கு மாட்டியிருக்கிறார்கள். அதில் இருந்தது முன்னால் இரண்டு ஏர்பேக் மட்டும்.

முனிரத்தினம் கிட்டே வந்தார். அந்தக் காலி இடத்தில் கையை விட்டு, பேப்பரை எடுத்துப் பார்த்தார். மறுபடி அதே இடத்தில் வைத்தார்.

சம்பந்தம் சார் அவரிடம், “நான் பாக்கலைங்க. பாத்திருக்கணும்” என்றார். ரிப்போர்ட்டில் ‘டாப்’ என்பதை அடித்து, திருத்திக் கையெழுத்துப் போட்டார். அந்த ஒரு வரிக்காக அவரைப் பாதி மன்னித்தேன். மீதி இன்னும் பாக்கி இருக்கிறது. அதற்குப் பிறகு நான் ஓய்வு பெறும்வரை ‘யாரு சொன்னா’ என்று அவர் என்னிடம் கேட்கவே இல்லை.

அன்று சாயங்காலம் நேரே அக்கா வீட்டுக்குப் போனேன். பாவா டி.வி. பார்த்துக்கொண்டிருந்தார். மறைக்கக்கூட இல்லை.

“இன்னா இப்ப? எவன் கழட்டிப் பாக்கப் போறான்? நீ ஒருத்திதான் பாத்துகினு திரியற” என்றார்.

“பாவா, அதுல பொண்ணு ஒருத்தி ஓட்டப் போறா.”

“இடிச்சாதான தெரியும்? இடிக்காம ஓட்டச் சொல்லு.”

அவர் சொன்ன வார்த்தை இது. ஒரு எழுத்தும் நான் மாற்றவில்லை. அக்கா காபி டம்ளரோடு நின்றுகொண்டிருந்தாள். அதை என்னிடம் நீட்டவும் இல்லை, உள்ளே கொண்டுபோகவும் இல்லை. மறுநாள் வண்டியை அவரிடமே திருப்பி அனுப்பிவிட்டோம். இனி அவர் வண்டி யார்டு கேட்டைத் தாண்டக் கூடாது என்று எழுதிக் கொடுத்தேன். அக்கா என்னோடு பேசுவதை நிறுத்தினாள். இன்றைக்கும் கல்யாணங்களில் இரண்டு வரிசை தள்ளித்தான் உட்காருகிறாள். பாவா மட்டும் “இன்னா ஆபீசர், சௌக்கியமா?” என்று கேட்கிறார். வெட்கம் என்கிற சாமானே பொருத்தாமல் அனுப்பிவிட்ட ஆள்.

ஒரு வாரம் கழித்து முனிரத்தினம் போன் செய்தார். “ஏம்மா, எம்மவன் வண்டிய ஒரு தபா வந்து பாக்கறியா? இங்கதான் தறிக் கொட்டாய் பின்னால போட்டு வெச்சிருக்கறேன்.”

போகாமல் இருந்திருக்கலாம். ஞாயிற்றுக்கிழமை காலையில் பள்ளிப்பட்டுக்கு பஸ் ஏறினேன்.

கொட்டகைக்குள் தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. பின்னால் தார்ப்பாய் மூடிய வண்டி. முனிரத்தினம் பத்தடி தள்ளி, துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டார். கிட்டே வரவில்லை. மகள்தான் தார்ப்பாயை விலக்கினாள். முன்பக்கம் முழுதும் உள்ளே போயிருந்தது. பின்பக்கம் புதுசு மாதிரி இருந்தது. டிக்கியில் டாப் மாடலின் எழுத்து பளபளவென்று இருந்தது.

எனக்கு வேறு எதுவும் தெரியாது. தெரிந்த வேலையைச் செய்தேன். பெல்ட்டை இழுத்தேன், பாதியில் சிக்கிக்கொண்டது. ஸ்டியரிங் நடுவில் இருந்தது வெறும் கெட்டிப் பிளாஸ்டிக் மூடி. ஏர்பேக் உள்ள ஸ்டியரிங்கே அல்ல. இடதுபக்க டேஷ்போர்டில் பை வெளியே வருவதற்கான கோடே இல்லை. டிக்கியில் ஸ்டிக்கர் அப்படியே இருந்தது. பேஸ் மாடல், இருப்பதிலேயே கீழ் மாடல். அந்த வண்டியில் பலூன் திறக்காமல் போகவில்லை. இருக்கவே இல்லை.

கடைசியாக டேஷ்போர்டுப் பெட்டியைத் திறந்தேன். ஆர்.சி. நகல் இருந்தது. அதிலும் பேஸ் மாடல் என்றே இருந்தது. அதற்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் கவர். பேட்ஜ் விற்கும்போது எழுத்துகள் வரிசை கலையாமல் இருக்க மேலே ஒட்டி வருமே, அந்த மெல்லிய தாள் அதற்குள் இருந்தது. டிக்கியில் இருந்த அதே எழுத்துகளின் அச்சு அதில் பதிந்திருந்தது. கவர்மேல் கடைக்காரன் பேனாவால் பையனின் பெயரையும் பள்ளிப்பட்டு என்று ஊரையும் எழுதியிருந்தான்.

அவனேதான் வாங்கி ஒட்டியிருக்கிறான். எந்த மாடல் என்று தெரிந்தே எடுத்துவிட்டு, அப்பாவிடம் டாப் எண்டு என்று சொல்லியிருக்கிறான். ஊரில் நாலு பேர் பார்க்கவா, அப்பா சந்தோஷப்படவா, எதற்கென்று எனக்குத் தெரியாது. இத்தனை வருஷம் இந்த மாதிரிப் பையன்களை நான் வாயாரத் திட்டியிருக்கிறேன். இந்தக் கட்டுரையிலும் திட்டியிருக்கிறேன். இவனை மட்டும் திட்டவில்லை.

மகள் தண்ணீர் கொண்டுவர உள்ளே போயிருந்தாள். கவரை என் கைப்பையில் போட்டுக்கொண்டேன்.

முனிரத்தினத்திடம் போனேன். “இது பலூனே இல்லாத வண்டிங்க. கம்பெனியில வரும்போதே கிடையாது.”

“எழுத்து?”

“ஒட்டினது.”

தலையசைத்தார்.

“அவனுக்குத் தெரியுமாம்மா?”

அவர் என்னைப் பார்க்கவில்லை. தார்ப்பாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“தெரியாதுங்க” என்றேன். “வித்தவன் ஏமாத்திட்டான்.”

அவர் கல்லின்மேல் உட்கார்ந்தார். பிறகு திட்ட ஆரம்பித்தார். தமிழிலும் தெலுங்கிலும் மாற்றி மாற்றி, அந்த விற்றவனை, அவன் குடும்பத்தை, அவன் கையை. குரல் ஏறிக்கொண்டே போனது. உள்ளே தறிகள் ஒவ்வொன்றாக நின்றன. மகள் சொம்போடு ஓடிவந்தாள். அவர் திட்டிக்கொண்டே அழுதுகொண்டிருந்தார். “அண்ணன் போனதுலேர்ந்து ஒரு சொட்டு அழல மேடம். ஒண்ணும் பேசாமயே இருந்தாரு” என்று என் காதில் சொன்னாள்.

அந்த விற்றவன் யாரென்று எனக்குத் தெரியாது. அவன் நேர்மையாகவே விற்றிருக்கலாம். அவன் தலையில் நான் போட்டது பொய். என் வேலையில் தெரிந்தே கொடுத்த பொய் ரிப்போர்ட் அது ஒன்றுதான். பாவாவைப் பற்றி எழுதிய அதே கைதான் இதையும் எழுதுகிறது. இதற்கு நியாயம் எதுவும் சொல்ல வரவில்லை.

இரண்டு மாதம் கழித்து நல்ல வண்டி ஒன்று வந்தது. டாப் மாடல், ஸ்டிக்கர் முதல் சீட் லேபிள் வரை எல்லாம் ஒரே பேச்சு. முனிரத்தினத்தை வரச் சொன்னேன். மெக்கானிக்கை வைத்து இரண்டு பக்கப் பட்டைகளையும் இறக்கினோம். சம்பந்தம் சார் டார்ச் பிடித்தார். முனிரத்தினம் செருப்பைக் கழற்றிவிட்டு வண்டிக்குள் ஏறினார். ஸ்டியரிங், டேஷ்போர்டு, வலது சீட், இடது சீட், வலது ஓரம் என்று ஒவ்வொரு இடத்தையும் உள்ளங்கையால் தொட்டு, தெலுங்கில் எண்ணினார். ஒகட்டி, ரெண்டு, மூடு, நாலுகு, ஐது. இடது ஓரத்தில் சுருட்டி வைத்திருந்த துணியின்மேல் கை வைத்ததும் நின்றார்.

“ஆறு” என்றார். மகளைப் பார்த்துச் சாவியை வாங்கிக்கொள்ளச் சொன்னார்.